ஊர்க் கணக்கை நாமே எழுதுவோம்

ஒரகடம், மாத்தூர், வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், எச்சூர், போந்தூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், இன்னும் இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்களில் பிறந்த தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். அந்த வருஷத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள்தான் உங்களில் பெரும்பாலோர். இன்று ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் என்று கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். சிலர் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், சிலர் வேன் ஓட்டுகிறீர்கள், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு காண்டிராக்ட் வேலையிலேயே வருஷங்களைக் கழிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். கம்பெனிகள் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், "கழனி இருந்துச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. யாருடைய கழனி? யார் உழுதார்கள், யார் நாற்று நட்டார்கள்? எந்த மதகின் தண்ணீர் அதற்குப் பாய்ந்தது? அந்தக் கழனியை ஊரில் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? அதை வாங்குவதற்காக எந்த ஆயா தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள்? எந்தச் சித்தப்பன் பாகம் பிரித்துக்கொண்டு போனார், ஏன் போனார்? இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச வருஷத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு நேராக எழுதுகிறேன்.

கம்பெனிகளுக்காக நிலத்தை எடுத்தபோது அரசாங்கம் எதையும் விட்டுவைக்காமல் எழுதியது. தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் சட்டம் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வந்த நோட்டீஸ்களை உங்கள் வீட்டுப் பீரோவில் தேடிப் பாருங்கள். சர்வே எண் இருக்கும், உட்பிரிவு இருக்கும், நஞ்சையா புஞ்சையா என்று இருக்கும், எத்தனை ஏர்ஸ் என்று இருக்கும், பட்டாதாரர் பெயர் இருக்கும். கிணறும் மரமும்கூட இழப்பீட்டுக் கணக்கில் ஏறின. அந்தக் கழனியில் காலமெல்லாம் குனிந்து நட்டு, களை எடுத்து, அறுத்த என் அம்மாவின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. குத்தகைக்கு உழுதவர் பெயர் இல்லை. பண்ணையாள் பெயர் இல்லை. மேய்க்காலில் மாடு மேய்த்தவர், ஏரியில் மீன் பிடித்தவர், வரப்பில் எலி பிடித்த இருளர் குடும்பங்கள் யாருமே இல்லை. ஒரு தென்னைமரத்துக்குக் கிடைத்த இடம் இந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை. பணம் குறைவு என்று வழக்குப் போட்டவர்கள் உண்டு. எங்களை எழுதவில்லையே என்று வழக்குப் போட எந்த நீதிமன்றமும் கிடையாது. நாமே எழுதினால்தான் உண்டு.

"நம்ம ஊர் பத்தி எழுத என்னக்கா இருக்கு, இது என்ன தஞ்சாவூரா?" என்று என்னிடமே ஒரு பிள்ளை கேட்டான். இருக்கிறது, தம்பி. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கீழே கற்கருவிகளும் அதற்கு மேலே பழைய செங்கல் கட்டுமானமும் கிடைத்தன. ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த ராமானுஜருக்கு 2017இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினோம். அவருடைய தாய் தந்தை யார், தாய்மாமன் யார், அவருடைய சீடர் எம்பார் பிறந்த மதுரமங்கலம் எங்கே, அவருக்குப் பின் யார், யாருக்குப் பின் யார் என்று ஆயிரம் வருஷத்துச் சங்கிலியை ஒரு கண்ணிகூட விடாமல் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது. அவருடைய தேரை வடம் பிடித்து இழுத்த உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? குருபரம்பரையை யாரோ உட்கார்ந்து எழுதினார்கள், அடுத்தவர் படி எடுத்தார், அதற்கடுத்தவர் சொல்லிக் கொடுத்தார். நம் வீட்டுக்கு அந்த வேலையை யாரும் செய்யவில்லை.

நம் ஊர்களைப் பற்றி எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1763இல் ஆர்க்காட்டு நவாபு, நம் ஊர்கள் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வரி எவ்வளவு தேறும் என்று தெரிய வேண்டுமே. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சீமை முழுக்க அளந்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஊரில் எத்தனை வீடு, எந்தச் சாதிக்கு எத்தனை வீடு, எத்தனை ஏரி, குளம், தோப்பு, களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு எவ்வளவு, ஏரி வேலைக்கு எவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் தலையாரிக்கும் எவ்வளவு என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஓலைகள் இன்று தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சில ஊர்களின் கணக்கு அச்சிலும் வந்திருக்கிறது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய செங்கல்பட்டுச் சீமை தஞ்சாவூரில் பத்திரமாக இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நம் தெரு எங்குமே இல்லை.

இன்னொருவர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கோடியில் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்ற சிற்றூரில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலத்தை அளந்ததோடு நிற்காமல், காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா போன்ற உதவியாளர்களை வைத்துக்கொண்டு ஊர்க்கதை, வம்சக்கதை, கல்வெட்டு, ஓலை எல்லாவற்றையும் சேர்த்தார். தொண்டை மண்டலத்துக் குறும்பர் கோட்டைகளைப் பற்றி மக்கள் சொன்ன கதைகளும் அதில் உண்டு. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அந்தத் தொகுப்பின் பெரும்பகுதியை இன்றும் பார்க்கலாம்.

அவர் இங்கே சேகரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1791 முதல் 1799 வரை, அவருடைய சொந்த நாட்டில் சர் ஜான் சின்க்ளேர் என்பவர் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்துப் பாதிரியாருக்கும் 160க்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, வந்த பதில்களை 21 தொகுதிகளாக அச்சிட்டார். என்ன விளைகிறது, கூலி என்ன, எத்தனை பேர் ஊரை விட்டுப் போனார்கள் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கட்டுரை. அந்த மக்களுக்கும் நிலம் பறிபோயிருக்கிறது. ஆட்டுப் பண்ணை வைப்பதற்காகக் குடியானவர்களை மலைப்பகுதியிலிருந்து கிளப்பி விரட்டிய கொடுமை அங்கே நடந்தது. ஆனாலும் கனடாவுக்குக் கப்பலேறியவர்களின் வம்சத்தார் இன்று திரும்பி வந்து, இடிந்து கிடக்கும் ஒரு கருங்கல் சுவரைக் காட்டி எங்கள் பாட்டன் வீடு என்று சொல்ல முடிகிறது. தேவாலயப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, அந்தத் தொகுதிகளில் ஊர் இருக்கிறது, கிராமத்துக்குக் கிராமம் வரலாற்றுச் சங்கம் வைத்துத் தேடிச் சேர்த்த உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது இந்த மூன்றாவதைத்தான்.

வெளியாள் எழுதியதை அப்படியே நம்பிவிடலாகாது என்பதற்கும் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டமே சாட்சி. பர்னார்டுக்குத் தகவல் சொன்னவர்கள் கணக்குப்பிள்ளைகளும் மிராசுகாரர்களும். சேரியில் இத்தனை வீடு என்று எண் வந்தது. சேரிக்காரர் சொன்னது வரவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரமென்ஹியர் அந்த மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேதான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1994 அக்டோபரில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். எந்த நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்தத் தாத்தா எந்த வருஷம் எந்தக் கஷ்டத்தில் கைநாட்டு வைத்தார் என்பது காலனித் தெருவின் பெரியவர்களுக்குத்தான் தெரியும். நம் வட்டாரத்திலும் அந்த நினைவு காலனிகளில் இருக்கிறது. அதை எழுதாமல் எழுதப்படும் ஊர் வரலாறு பாதி வரலாறுகூட இல்லை.

ஊரை விட்டுப் போனவர்களையும் நினைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கூலிகளாகப் போனார்கள், பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. ஏறியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை பதிவானது. செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களும் அந்தப் பட்டியல்களில் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் நாலாம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார்கள். தமிழ் பேசத் தெரியாது, ஊர்ப் பெயரை மட்டும் தட்டுத் தடுமாறி உச்சரிப்பார்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து, இந்தப் பெயரில் யாராவது இருந்தார்களா என்று கேட்டால் நீங்கள் யாரிடம் அழைத்துப் போவீர்கள்? அவர் கேட்பதற்குப் பதில் தெரிந்த கடைசிக் கிழவி போன மாதம் போய்ச் சேர்ந்திருந்தால்?

இதெல்லாம் நெகிழ்ச்சிக்காகச் சொல்லும் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாரிசுச் சான்று வாங்க அலைந்தவர்களுக்குத் தெரியும், தாத்தாவின் முதல் சம்சாரத்துப் பிள்ளைகள் யார் என்பது தெரியாமல் எத்தனை குடும்பம் வருஷக்கணக்கில் இழுபட்டிருக்கிறது என்று. சாதிச் சான்று கிடைக்காமல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திய இருளர் குடும்பங்கள் எனக்குத் தெரியும். மூன்று தலைமுறை எங்கே குடியிருந்தார்கள் என்று சொல்ல அவர்களிடம் தாள் இல்லை, ஊரில் சொல்ல ஆள் இருந்தும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து அடையாறு கரை புரண்டபோது சென்னை முழுக்க நம் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகிறது. எந்தத் தாங்கல் நிரம்பினால் எந்தக் கலங்கல் வழியே எங்கே போகும், எந்தக் கால்வாய் இப்போது எந்த மதில் சுவருக்கு அடியில் இருக்கிறது என்று, மடை திறந்து தண்ணீர் கட்டிய பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்களிடம் கேட்டு ஒரு வரைபடம் போட்டு வைத்தால், அடுத்த மழைக்கு உங்கள் தெருவே பிழைக்கும்.

கம்பெனிகள் இருக்கின்றனவே, அவற்றின் வரலாறே ஊரின் வரலாறாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2006இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகமெங்கும் போனது. 2014 நவம்பர் 1இல் அது மூடப்பட்டது. எட்டே வருஷம். அந்த எட்டு வருஷத்தில் அங்கே வேலை செய்து, தங்கையைக் கட்டிக் கொடுத்து, வீட்டுக்கு மச்சு போட்டு, பிறகு திடீரென்று வீட்டில் உட்கார்ந்த அக்காமார்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய கதையும் குடும்ப வரலாறுதான். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், மளிகைக் கடனை யார் அடைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் வீட்டு ரூமில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளையும், தென் மாவட்டத்திலிருந்து ஹாஸ்டலுக்கு வந்த பெண்பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் தேடி வருவார்கள்.

உங்கள் தயக்கங்களும் எனக்குத் தெரியும். நேரமில்லை என்பீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்பது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு பெரியவர் போதும். பழசைக் கிளறினால் பங்காளிச் சண்டை வரும், சாதிச் சண்டை வரும் என்பீர்கள். வரலாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, இன்னார் இப்படிச் சொன்னார் என்று குறித்துவிடுங்கள். தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. சொல்லக் கூசுகிறதை வற்புறுத்திக் கேட்காதீர்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடாதீர்கள். ஊரார் சேர்ந்து செய்த ஒரு அநியாயம் வெளியே வருமே என்ற பயம் சிலருக்கு இருக்கும். அது வெளியே வர வேண்டியதுதான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு ஊரிலும் ஏழெட்டுப் பேர் சேருங்கள். ஊர்த் தெருவிலிருந்து மட்டும் சேர்ந்தால் அதை நான் ஏற்க மாட்டேன். காலனியிலிருந்தும், இருளர் குடியிருப்பிலிருந்தும், மசூதித் தெரு, சர்ச் தெரு இருந்தால் அங்கிருந்தும் ஆள் வேண்டும், பாதிப் பேர் பெண்கள் வேண்டும். ஒரு கெட்டி அட்டை நோட்டு, ஒரு செல்போன் ரிக்கார்டர், வேறெதுவும் வேண்டாம். பெரியவர்களிடம் "வரலாறு சொல்லுங்க" என்றால் வாயடைத்துப் போவார்கள். உங்களைக் கட்டிக் கொண்டு வந்தபோது எந்த வழியாக மாட்டு வண்டி வந்தது ஆயா என்று கேளுங்கள். பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் எது என்று கேளுங்கள். நம் குடும்பக் கதைகளில் ஆம்பிளைகள் மட்டும்தான் வரிசையாக நிற்கிறார்கள். வாழ வந்த பெண்களுடைய பிறந்த ஊரையும் தாய் பெயரையும் சேர்த்தால்தான் இந்த வட்டாரம் எப்படிப் பின்னிக் கிடந்தது என்பதே புரியும். பொன்னியம்மனுக்குக் கூழ் வார்த்த முறை யார் யாருக்கு இருந்தது, பாரதக் கூத்தில் யார் துரியோதனன் வேஷம் கட்டினார், பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், யாரை எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, நிலத்துக்கு வந்த பணத்தில் முதலில் என்ன வாங்கினார்கள், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். சில இடத்தில் அழுவார்கள். இருந்து கேளுங்கள்.

பிறகு அவர்கள் சொன்னதைத் தாளோடு வைத்துப் பாருங்கள். தாலுகா ஆபீஸில் 'அ' பதிவேடும் புலப்படமும் இருக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வில்லங்கச் சான்று கிடைக்கும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மென்ட் காலத்துப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஆபீஸில் அலைக்கழிப்பார்கள். ஒருவர் போனால் நாளை வா என்பார்கள், ஐந்து பேர் சேர்ந்து எழுத்து மூலமாகக் கேளுங்கள். 1980இல் கணக்குப்பிள்ளை பதவி ஒழிந்தபோது பழைய கணக்குகள் சில அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டதாக ஊர்களில் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தாரிடமும் பணிவாகப் போய்க் கேளுங்கள்.

பரந்தூர், ஏகனாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2022இல் விமான நிலையம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து உங்கள் பெரியவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கிராம சபைத் தீர்மானங்கள், மனுக்கள், இரவுக் கூட்டங்கள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். போராட்டம் எப்படி முடிந்தாலும் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்பதைப் பிறர் வாயால் கேட்க வேண்டிய நிலை உங்கள் பிள்ளைகளுக்கு வரக் கூடாது. நாங்கள் அப்படி விட்டுவிட்டுத்தான் இன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். வருகிற ஆடியில் கூழ் வார்க்க, எங்கே வேலை செய்தாலும் லீவு போட்டு ஊருக்கு வருவீர்கள். அன்றைக்கு உங்கள் ஊரில் வயதில் மூத்த பத்துப் பேர் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எல்லாத் தெருவும் அதில் இருக்கட்டும். அந்த வாரமே முதல் ஆளிடம் போய் உட்காருங்கள். எழுதியதை மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று சொன்னவர் வீட்டுக்கு. அக்டோபர் 2 கிராம சபையில், அதுவரை சேர்ந்தது எத்தனை பக்கமாக இருந்தாலும், எழுந்து நின்று சத்தமாக வாசியுங்கள். தலைவர் நேரமில்லை என்று சொன்னால், ஊர் மக்கள் கேட்கிறார்கள் என்று சொல்லி வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா